தகர வாய்க்கால் கழுவ என்ன கூலி என்று கேட்ட மகனுக்கு

தம்பி, போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்ட கேள்விக்கு அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன். அமெரிக்காவுக்கு உன்னிடம் வந்திருக்கிற உன் மாமனாரும் மாமியாரும் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நீ சொன்னதால் வாயை மூடிக்கொண்டேன். "கூரையில அந்த ஓட்டு வாய்க்கால் கிளீன் பண்ண ஒரு ஆளுக்கு என்னம்மா ஆகும்? ஒரு ரேட் சொல்லு, அனுப்பி விடுறேன். அந்த ஆளு வரலைன்னா வேற ஆளைப் போடு" என்றாய். ரேட்தானே கேட்டாய்? சொல்கிறேன். உட்கார்ந்து படி, நின்றுகொண்டே படித்து முடிக்கிற நீளத்தில் இதை எழுதப் போவதில்லை. அம்மா இவ்வளவு கோபமாக எழுதுகிறாளே, பிரஷர் மாத்திரை போட்டாளா இல்லையா என்று உன் பெண்டாட்டியிடம் கேட்டுக்கொண்டிருக்காதே. போட்டேன். போட்ட பிறகும் கோபமாகத்தான் இருக்கிறது.

நீ இந்த வீட்டில் பிறந்தபோதே முற்றத்தில் மழைத் தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதனால் அது கிணறு மாதிரி, மரம் மாதிரி, தானாக அங்கே இருக்கிற ஒன்று என்று நினைத்துவிட்டாய் போல. முதுகுளத்தூர்ப் பக்கம் எங்கே தோண்டினாலும் உப்புதான். அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, வாயில் வைத்தால் குமட்டும். நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த வருஷம் மழையும் பொய்த்துவிட்டது. குடிக்கிற தண்ணீருக்கு ஊருணி ஒன்றுதான். அதுவும் சேறும் சகதியுமாக வற்றிப்போய், நடுவில் ஊற்று தோண்டி, சிரட்டையால் மொண்டு மொண்டு ஒரு குடம் நிரப்ப அரைப் பொழுது ஆகும். புதுப்பெண்ணாக நான் கட்டிக்கொண்டு வந்த பட்டுச் சேலையைவிட அந்த ஒரு குடம் தண்ணீருக்கு மதிப்பு அதிகம். அந்த ஊருணியில் நம் ஆட்கள் இறங்குகிற பக்கம் ஒன்று, தெற்குத் தெரு ஆட்கள் இறங்குகிற பக்கம் இன்னொன்று. நம் வயலில் நாற்று நட்டு, நம் களத்தில் மிளகாய் வத்தல் காயப் போடுகிற ஆட்கள்தான், ஆனாலும் அவர்கள் இறங்குகிற பக்கம் வேறு. அப்போது எனக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீ என்னைத் திருப்பிக் கேட்காமல் இருப்பதற்காக.

இந்தக் கஷ்டத்தைப் பார்த்துத்தான் உன் அய்யா ஓட்டு விளிம்பைச் சுற்றித் தகரத்தை வளைத்து வாய்க்கால் மாதிரி தொங்கவிட்டு, அதிலிருந்து ஒரு குழாய் இறக்கி, முற்றத்தில் மூடி போட்ட சிமெண்டுத் தொட்டி கட்டினார். ஓட்டில் விழுகிற மழையெல்லாம் தகரத்தில் ஓடித் தொட்டிக்குள் விழும். நல்ல மழை நாலு பெய்தால் வருஷம் முழுக்க நமக்குக் குடிக்க, சமைக்கப் போதும். ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. ஆனால் தகர வாய்க்காலுக்குள் வேப்பிலையும் வேப்பம்பூவும் காக்கை எச்சமும் சேருமே, அதை யார் அள்ளுவது என்று உன் அய்யா யோசிக்கவில்லை. நானே அள்ளுகிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். நான் அடுப்படியில் குழம்பு கொதிக்க வைத்துக்கொண்டிருக்கிறேன், தலைக்கு மேலே படபடவென்று ஓடு உடைந்து இரண்டு கால்கள் மட்டும் கீழே தொங்குகின்றன. "என்னைத் தூக்குடி" என்று மேலேயிருந்து சத்தம். காலைத் தூக்கவா, குழம்பை இறக்கவா என்று தெரியாமல் நான் சிரித்த சிரிப்பில் அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அதன் பிறகுதான் தெற்குத் தெரு இருளப்பனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

இருளப்பனை நீ அமைதியான, வாயில்லாத ஆள் என்று நினைத்திருந்தால் அது உன் அறியாமை. அவருக்கு வாய் இந்த ஊர் நீளம். ஓட்டின் மேல் ஏறி நின்றுகொண்டு எந்த வீட்டில் என்ன குழம்பு, எவன் எந்தச் சந்துக்குள் நுழைகிறான் என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லுவார். அன்றைக்கு உன் தாத்தா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "ஏலே இருளப்பா, மேல ஏறி அந்தக் குப்பையத் தள்ளிவிட்டு வா. வத்தல் அள்ளித் தாரேன்" என்றார். இருளப்பன் ஏணியைச் சுவரில் சாத்திவிட்டு, ஏறாமல் அதிலேயே சாய்ந்து நின்றுகொண்டார். "ஏறுறேன் அய்யா. வத்தல் வேணாம், கூலி காசாத் தாங்க. அதோட இன்னொண்ணு. மழை பெஞ்சு தொட்டி ரொம்புன பெறகு மொதச் செம்பு எனக்கு. நான் கழுவுன ஓட்டுத் தண்ணிய நான் குடிச்சுப் பாத்த பெறகுதான் வீட்டுல உள்ளவுக குடிக்கணும்" என்றார். தாத்தாவுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும், "செம்புலயா? வீட்டுச் செம்புலயா?" என்று எழுந்துவிட்டார். "செம்புலதான். கையில ஊத்துனா நான் குடிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, இருளப்பன் ஏணியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டார். தாத்தா வைத வசவை எழுதினால் இந்தத் தாள் தாங்காது.

அந்த வருஷம் தகரத்தை யாரும் தொடவில்லை. இருளப்பன் ஏறாத வீட்டில் தெற்குத் தெருவிலிருந்து வேறு யாரும் ஏற மாட்டேன் என்றுவிட்டார்கள். மழை வந்தது, ஓட்டில் ஒரு வருஷமாகக் கிடந்த அத்தனை அழுக்கும் தொட்டிக்குள் போனது. குழாய்க்குள் ஒரு அணில் வேறு செத்துக் கிடந்திருக்கிறது. அந்தத் தண்ணீரைக் காய்ச்சிக் காய்ச்சிக் குடித்து, தாத்தாவிலிருந்து எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கும் வீட்டுக்கும் நடந்தோம். மறு வருஷம் புரட்டாசியில் உன் அய்யாவே தெற்குத் தெருவுக்குப் போய்க் கூப்பிட்டார். இருளப்பன் வந்தார், கழுவினார், மழை பெய்தது, முதல் செம்பு குடித்தார். அவர் குடித்து வைத்த செம்பை நான் இரண்டு விரலால் எடுத்துக்கொண்டு புளி போட்டுத் தேய்க்கக் கொல்லைப் பக்கம் போனேன். உன் அய்யா குறுக்கே வந்து, என் கையிலிருந்து அதை வாங்கி, அப்படியே தொட்டியில் மொண்டு குடித்தார். எனக்குக் காது மடல் வரைக்கும் சூடு ஏறியது. தாத்தா மட்டும் ஒவ்வொரு வருஷமும் முதல் செம்பு நாளன்றைக்கு வயலைப் பார்க்கப் போய்விடுவார், சாகிற வரைக்கும் போனார்.

இதுதான் நம் வீட்டு நடைமுறை, தம்பி, சின்ன வயசில் நீயும் பார்த்ததுதான், மறந்துவிட்டாய். புரட்டாசி கடைசியில் இருளப்பன் வந்து தகரத்தை அள்ளிக் கழுவுவார், தொட்டிக்குள் இறங்கித் தேய்த்துச் சுண்ணாம்பு அடிப்பார். அன்றைக்குச் சாப்பாடு மட்டும்தான், காசு கிடையாது. அவரே வாங்க மாட்டார். ஏனென்றால் வேலை அன்றைக்கு முடிவதில்லை. கழுவின நாளுக்கும் மழைக்கும் நடுவில் புழுதி படியும், மயில் எச்சமிடும். அதனால் முதல் மழை தொட்டிக்குள் போகக் கூடாது. குழாயில் முழங்கை மாதிரி வளைந்திருக்கிற எல்போவை வெளிப்பக்கம் திருப்பிவிட்டு, கறுப்புத் தண்ணீர் எல்லாம் தெருவில் ஓடி, வெள்ளையாக வரத் தொடங்கியதும் தொட்டிப் பக்கம் திருப்ப வேண்டும். இருளப்பன் எந்த வயலில் இருந்தாலும் முதல் தூறலுக்குத் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடி வந்துவிடுவார். தொட்டி நிறைந்து தெளிந்த பிறகு ஒரு நாள் குளித்து, சட்டை போட்டுக்கொண்டு வந்து, முற்றத்தில் நாற்காலியில் உட்கார்ந்து முதல் செம்பு குடிப்பார். வாயைச் சப்புக்கொட்டி, "சரி, குடிங்க" என்பார். அப்புறம்தான் கூலி வாங்குவார். அந்தக் கூலி முதலில் வெறும் அஞ்சு ரூபாயாக இருந்தது, நீ பள்ளிக்கூடம் போகையில் ஐம்பது ஆனது. அரசாங்கம் எல்லா வீட்டுக்கும் மழைநீர்க் குழாய் கட்டாயம் என்று சொன்ன வருஷம் மனுஷனுக்கு வந்த கிராக்கியைப் பார்க்க வேண்டுமே, மந்திரி மாதிரி நடந்தார். தளம் போட்ட மெத்தை வீட்டுக்கு ஒரு கூலி, ஓட்டு வீட்டுக்கு ஒரு கூலி என்று பிரித்துச் சொன்னார். ஓட்டு வீட்டுக்குத்தான் அதிகம், வழுக்கும், ஓடும் உடையும். கேட்டதைக் கொடுத்தோம். உன் அய்யா போன பிறகு நான் சத்துணவு டீச்சராக வாங்கிய சம்பளத்திலிருந்து கொடுத்தேன், பிறகு பென்ஷனிலிருந்து கொடுத்தேன்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். நீ அமெரிக்காவில் வீடு வாங்கிய வருஷம் போனில் எவ்வளவு பெருமையாகச் சொன்னாய்! இலை உதிர்கிற காலம் வந்தால் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வண்டியில் வருவார்கள், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஏறுவார்கள், கூரை வாய்க்காலை அள்ளி, கழுவுவதற்கு முன்னால் ஒரு போட்டோ, பின்னால் ஒரு போட்டோ எடுத்துக் காட்டுவார்கள், நூற்று முப்பது டாலர் என்றாய். ஒத்தை மாடி வீட்டுக்கு அது, இரண்டு மாடி என்றால் இன்னும் அதிகம், குழாய் அடைத்திருந்தால் அதற்குத் தனி என்று விளக்கம் வேறு. "பேரம் பேச முடியாதாடா?" என்று நான் கேட்டதற்கு, "அதெல்லாம் இங்கன பேசக் கூடாதும்மா. விழுந்தா உயிரு போற வேலை. அவங்க கேக்குறதைக் குடுத்துத்தான் ஆகணும்" என்று எனக்குப் பாடம் எடுத்தாய். வந்தவனை சார் என்று கூப்பிட்டாயாம், அவன் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டானாம், அதில் உனக்கு அப்படி ஒரு சந்தோஷம். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, என் பிள்ளைக்கு உழைக்கிறவனை மதிக்கத் தெரிந்திருக்கிறது என்று. பக்கத்து வீட்டில் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தப் பிள்ளைதான் இந்தப் புரட்டாசியில் லீவுக்கு வந்தான். நான் பென்ஷன் விஷயமாக முதுகுளத்தூர் போன அன்றைக்குப் பார்த்து இருளப்பன் வந்திருக்கிறார். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நான் வீட்டுக்குள் நுழைகிறேன், நீ சிரித்துக்கொண்டு நிற்கிறாய். "அம்மா, கூலி எவ்வளவுன்னு கேட்டேன், முந்நூறுன்னாரு. அரை நாள் வேலைக்கு முந்நூறாம். அரை நாளைக்கு அரைக் கூலி, இங்கத்த ரேட்டு எனக்கும் தெரியும்னு சொல்லி நூத்தம்பதுல முடிச்சிட்டேன். கையோட செட்டில் பண்ணியாச்சு, இனிமே நீங்க வர வேண்டியதில்லைன்னு சொல்லிட்டேன். ஒனக்கு ஒரு தொந்தரவு விட்டுச்சு" என்றாய். என்னிடம் கேமராவில் போட்டோ காட்டினாய், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இருளப்பன் இரண்டிலும் கேமராவைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கிறார். அப்போதே உன்னை வைதிருப்பேன். ஆனால் உன் பெண்டாட்டி பக்கத்தில் நிற்கிறாள், இரண்டு நாளில் நீ கிளம்பப் போகிறாய், போகிற பிள்ளையைத் திட்டி அனுப்ப வேண்டாம் என்று அடக்கிக்கொண்டேன். காசுதானே, நீ போன பிறகு மிச்சத்தைக் கொடுத்துச் சமாதானம் பண்ணிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அன்றைக்கே உன்னைக் காதைப் பிடித்துத் திருகிக் கையோடு தெற்குத் தெருவுக்கு இழுத்துப் போயிருக்க வேண்டும். மருமகள் முன்னால் என்ன, அவள் அப்பன் முன்னாலேயே திருகியிருக்க வேண்டும்.

அப்புறம் முழங்கால் வலி, இன்றைக்குப் போகலாம் நாளைக்குப் போகலாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். ஐப்பசி பிறந்ததும் ஒரு மத்தியானம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. நான் வாசலில் நின்று தெற்குத் தெரு முக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். தூறல் விழுந்தது, சாக்கு போட்ட தலை எதுவும் வரவில்லை. காற்று அடித்துப் பெரிய மழையாகப் பிடித்துக்கொண்டது. அப்போதும் வருவார் என்றுதான் இருந்தேன். தகரத்தில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்ட பிறகுதான் முற்றத்துக்குப் போனேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, அதன் மேல் ஏறி, எல்போவைத் திருப்பப் பார்த்தேன். அது இறுகிக் கிடந்தது. இந்த வயசில் நாற்காலி மேல் நின்று, மழையில் நனைந்துகொண்டு, இரண்டு கையாலும் ஒரு பிளாஸ்டிக் குழாயோடு உன் அம்மா மல்லுக்கட்டுகிறாள் பார்த்துக்கொள். என் கைக்குக் கீழே, என் கண் முன்னால், காப்பி நிறத்தில் தண்ணீர் தொட்டிக்குள் கொட்டியது. நான் மழையை வைதேன், குழாயை வைதேன், உன்னையும் வைதேன். மறுநாள் மூடியைத் திறந்தால் நாற்றம் முகத்தில் அடிக்கிறது.

அன்றைக்கே கம்பை ஊன்றிக்கொண்டு இருளப்பன் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். "வாங்க டீச்சரம்மா. ஒங்க மகன் கணக்கு முடிச்சிட்டாருல்ல" என்றார், எழுந்திருக்கவில்லை. மிச்சக் காசைக் கொண்டு வந்திருக்கிறேன் என்றேன். "காசை விடுங்க. கொறச்சுக் குடுத்தா சண்டை போட்டு வாங்கத் தெரியாதவனா நான்? அன்னைக்கே ஒங்க வாசல்ல நின்னு ஊரைக் கூட்டியிருப்பேன். கூட்டலையே, ஏன்னு கேளுங்க" என்றார். ஏன் என்று கேட்டேன். "எறங்குன பெறகு தாகம். செம்பு அங்கனதான் தொட்டி மூடி மேல கவுந்து கெடக்கு. எடுக்கக் கையை நீட்டுனேன். 'அதை எடுக்காதீங்க, இருங்க'ன்னு ஒங்க மகன் உள்ள போயி, பிளாஸ்டிக் கப்புல தண்ணி கொண்டாந்தாரு. 'குடிச்சிட்டுக் கப்பைத் தூக்கிப் போட்டுருங்க'ன்னாரு" என்று சொல்லிவிட்டு, மறுபடி கயிறு திரிக்கத் தொடங்கினார்.

நான் உனக்காக வாதாடினேன். வாதாடினேன் என்பதை நினைத்தால் இப்போதும் எரிகிறது. அவன் அமெரிக்காவில் இருந்து பழகினவன் இருளப்பா, அங்கே எல்லோருக்கும் அப்படித்தான், மனசில் ஒன்றும் இல்லாமல் செய்திருப்பான் என்றேன். "எல்லாருக்குமா? நான் ஏணியில நிக்கையிலதான் ஒங்க பங்காளி மகன் வந்தாரு. அவருக்கு எவர்சில்வர் டம்ளர்ல மோர் வந்துச்சு. அவரு குடிச்ச டம்ளரை ஒங்க மருமக உள்ள எடுத்துக்கிட்டுப் போச்சு. மேல நின்னா எல்லாந்தான் தெரியும் டீச்சரம்மா" என்றார். அவர் வீட்டுக்காரி, "ஏன்யா அவுகளை நிக்க வச்சே பேசுற" என்று நாற்காலி எடுத்துப் போட்டு, செம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். குடித்தேன். குடித்து முடித்த பிறகுதான், இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் நான் தண்ணீர் குடித்ததே இல்லை என்பது உறைத்தது. "நீங்க குடிக்கிறது கணக்குல சேராது. ஒங்க மகன் வரட்டும். இதே நாற்காலியில உக்காந்து, இங்கன குடுக்குற தண்ணியக் குடிச்சிட்டு, வாங்கன்னு ஒரு வார்த்தை கூப்புடட்டும். மறுநாளே ஏணியத் தூக்கிட்டு வாரேன். அதுவரைக்கும் ஒங்க ஓட்டுல நான் ஏற மாட்டேன், எங்க தெருவுல எவனும் ஏற மாட்டான்" என்றார்.

இதை நான் போனில் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? "அது ஹைஜீன்மா" என்றாய். பங்காளி மகனுக்கு மட்டும் ஏன் அந்த ஹைஜீன் இல்லை என்று கேட்டால், "அவன் நம்ம வீட்டு ஆளு" என்றாய். சொன்னது உனக்கே கேட்டிருக்க வேண்டும். சட்டென்று, மாமனாரும் மாமியாரும் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லி, பேச்சை மாற்றித்தான் ரேட் என்ன என்று கேட்டாய். முக்கு டீக்கடையில் தெற்குத் தெரு ஆட்களுக்கென்று தனியாக கிளாஸ் தொங்கவிட்டிருந்த காலம் எனக்குத் தெரியும், இருளப்பனுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அவர்கள் குடித்த கிளாஸை அந்தக் கடைக்காரன் அவர்களையே கழுவி வைக்கச் சொல்வான், நீ தூக்கிப் போடச் சொன்னாய். என்ன வித்தியாசம், சொல்லேன்? உன் தாத்தா செம்பு தர மாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார், இருளப்பனும் முகத்துக்கு நேராக ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். நீ சிரித்த முகத்தோடு, நல்ல பிள்ளையாக, பிளாஸ்டிக் கப்பில் ஊற்றிக் கொடுத்தாய். அந்த மனுஷன் முப்பது வருஷத்துக்கு மேலாக வாங்கி வந்த முதல் செம்பு என்கிற கூலியை ஒரு நிமிஷத்தில் பிடுங்கிக்கொண்டாய், பிடுங்கினது உனக்குத் தெரியக்கூட இல்லை. அங்கே இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஏறுகிறவனுக்கு உயிர் போகும் என்று தெரிந்த உனக்கு, இங்கே கயிறு இல்லாமல் ஏறுகிறவருக்கு அரைக் கூலி போதும் என்று எப்படித் தோன்றியது? உன்னை இதற்கா படிக்க வைத்தோம்? உன் அய்யா இருந்திருந்தால் உன்னோடு பேசியிருக்க மாட்டார். குழம்பு விவகாரத்துக்கே ஒரு வாரம் பேசாத மனுஷன்.

நீ சொன்னபடி வேற ஆளையும் கூப்பிட்டுப் பார்த்தேன். முதுகுளத்தூரில் ஒரு பிளம்பர், சட்டைப் பையில் விசிட்டிங் கார்டு வைத்திருக்கிறான். வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு எண்ணூறு ரூபாய் என்றான். ஏணி வாடகை தனி, கூட வருகிற ஆளுக்குத் தனி, ஓடு உடைந்தால் அவன் பொறுப்பில்லை, தொட்டிக்குள் இறங்க மாட்டான். சரி, முதல் மழைக்கு வந்து குழாயைத் திருப்பிவிடுவாயா தம்பி என்று கேட்டேன். "மழையில எவன் வருவான்? அதுக்கு வேற ஆளைப் பாருங்க" என்றான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் வேலைக்கு அவன் விலை சொன்னான். பெரிய ஊர்களில் இனி இப்படித்தான் இருக்கும் போல, எண்ணூறு ஆயிரமாகும், கேட்டதைக் கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அவன் வருவது தகரத்துக்கு. நான் குடிக்கப் போகிற தண்ணீர் அவனுக்கு ஒரு பொருட்டில்லை.

இப்போது தள்ளுவண்டிக்காரனிடம் குடம் மூன்று ரூபாய்க்குத் தண்ணீர் வாங்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் வருவான், இரண்டு நாள் வர மாட்டான். வராத அன்றைக்கு உப்புத் தண்ணீரில் கஞ்சி வைக்கிறேன், அது வேகாமலே தீய்ந்து போகிறது. நேற்று பக்கத்து வீட்டில் போய் ஒரு குடம் கேட்டேன், கொடுத்தார்கள், அந்தக் குடத்தைச் சுமந்துகொண்டு வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. தொட்டித் தண்ணீர் இல்லாமல் நான் இந்த வீட்டில் அதிக நாள் இருக்க முடியாது, இது உனக்கும் தெரியும். தெரிந்துதான், "தையில கொழுந்தியா கல்யாணத்துக்கு வாரேன்ல, அப்படியே வீட்டைப் பூட்டிட்டு உன்னைக் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்கிறாய். சந்தோஷமாகச் சொல்கிறாய். ஏதோ எனக்கு நல்லது நடக்கப் போகிற மாதிரி. நீ செய்த காரியத்தால் என் தொட்டி கெட்டது, தொட்டி கெட்டதால் நான் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும், கிளம்பினால் உனக்கு என் கவலை விட்டது. ஏலே, நான் என்ன உன் கைப்பெட்டியா, பூட்டித் தூக்கிக்கொண்டு போக?

ஆகவே ரேட்டை எழுதிக்கொள். இருளப்பனுக்குப் பாக்கி நூற்றைம்பதை நான் கொடுத்துவிட்டேன், அவர் வீட்டுக்காரி வாங்கிக்கொண்டாள், அது முடிந்தது. மீதியை நீ கொடுக்க வேண்டும், பேங்கில் போட முடியாது. தையில் வந்து இறங்கியதும் பெட்டியோடு இந்த வீட்டுக்கு வராதே, நேராகத் தெற்குத் தெருவுக்குப் போ. பகலில் போ, தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும்போது போ. உன் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு போ. உட்காரச் சொன்னால் உட்கார். கொடுத்ததைக் குடி. என்ன தண்ணீர், எங்கே பிடித்தது என்று கேட்காதே. மன்னிப்பு அது இது என்று இங்கிலீஷ் படத்தில் வருகிற மாதிரி நீட்டி முழக்காதே, அவருக்கு அது பிடிக்காது. வாங்க என்று ஒரு வார்த்தை கூப்பிடு. பேர் சொல்லிக் கூப்பிடாதே, அண்ணே என்று கூப்பிடு. அவர் இரண்டு வார்த்தை ஏசினால் வாங்கிக்கொள், ஏசுவார், அவர் வாயை நான் முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

போக முடியாது, கௌரவக் குறைச்சல், மாமனார் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்றால், போகாதே. உன்னைக் கட்டாயப்படுத்த எனக்குத் தெம்பில்லை. அப்போதும் நீ வந்தால் கதவைத் திறப்பேன், சோறு போடுவேன், பெற்றவள் வேறு என்ன செய்ய முடியும்? ஆனால் உன்னோடு வர மாட்டேன். உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு இங்கேயே கிடப்பேன். நாளைக்கு நான் சாகக் கிடக்கும்போது எல்லா வீட்டிலும் செய்கிற மாதிரி உன்னைக் கூப்பிட்டு என் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடச் சொல்வார்கள். நீயும் அழுதுகொண்டே விடுவாய். எனக்கு அப்போது வாயை மூடத் தெம்பு இருந்தால், மூடிக்கொள்வேன்.

அம்மா